முன்னால் சத்தம் இல்லை, பின்னால் இருக்கிறது: கம்பியூட்டர் கெட்டுப் போச்சா?



2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மலை மலையாக ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் நம்முடைய லயங்களிலே கம்பியூட்டர் என்ற சாமானும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. சீட்டுக் காசில் வாங்கியது சில, கொழும்பிலே கடையில் நிற்கும் மகன் அனுப்பியது சில, ஏதோ ஒரு ஆபிஸ் கழித்துவிட்டதை வாசிகசாலைக்குக் கொடுத்தது சில. அநேகமாக எல்லாமே பாவித்த சாமான். பாவித்த சாமானில் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும். அவற்றிலே நாம் அடிக்கடி கேள்விப்படுகிற ஒரு குறையைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

"அம்மா, ஹெட்போன் மாட்டினா ஒண்ணும் கேக்கல" என்று பிள்ளை சொல்லும். பெட்டியின் முன்பக்கத்துத் துளையில் எத்தனை தரம் சொருகினாலும் ஊமைதான். பெட்டியைத் தோளில் வைத்து பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டு போனால், கடையில் இருக்கிறவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, சவுண்ட் போயிருச்சு, போட் மாத்தணும்" என்கிறார். போட் மாற்றுவது என்றால் எத்தனை நாள் பேர்ப் பணம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காசு இல்லாமல் பெட்டியை அப்படியே சேலைத்துணி போட்டு மூடி வைத்த வீடுகளும் உண்டு. அநேகமான நேரங்களில் அந்தச் செலவே தேவையில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, முன்பக்கத் துளைக்கும் பின்பக்கத் துளைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

தாங்கியும் பீலியும்

கம்பியூட்டர் பெட்டிக்குள்ளே பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அதைத்தான் மதர்போட் என்கிறோம். சத்தத்தை உண்டாக்குகிற சிறு சில்லு அந்தப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது. பின்பக்கத்தில் தெரியும் ஓடியோ துளைகளும் அதே பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. அதாவது பின்பக்கத் துளை தாங்கியின் வாயிலேயே இருக்கிற குழாய் மாதிரி.

முன்பக்கத் துளை அப்படியல்ல. அது பெட்டியின் முகப்பில் ஒரு சின்னத் துண்டுப் பலகையில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய வயர்க் கட்டு ஒன்று பெட்டிக்குள்ளால் ஓடி, மதர்போட்டில் உள்ள ஊசிகளில் சொருகப்பட்டிருக்கும். லயத்துக் கடைசியில் இருக்கிற பீலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பீலியில் தண்ணீர் வரவில்லை, ஆனால் தாங்கியின் வாயில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் யாராவது தாங்கியை இடித்துக் கட்டுவார்களா? நடுவிலே உள்ள குழாயைத்தானே பார்ப்போம்! பின்னால் சத்தம் வருகிறது, முன்னால் மட்டும் வரவில்லை என்றால் சில்லு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு வயரில் இருக்கலாம், அந்தத் துளையில் இருக்கலாம், அல்லது கம்பியூட்டருக்குள்ளே உள்ள செட்டிங்கில் இருக்கலாம். போட்டில் கை வைக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, அதே ஹெட்போனை எடுத்துப் பின்பக்கத்தில் சொருகிப் பார்ப்பது. பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கும், பின்னால் இருட்டாக இருக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள். துளைகளுக்கு நிறம் உண்டு. இளம் பச்சை சத்தம் வெளியே வருவதற்கு. ரோஸ் நிறம் மைக்குக்கு. இளநீலம் வெளியே இருந்து ரேடியோ, டேப் மாதிரிச் சாமான்களின் சத்தத்தை உள்ளே எடுப்பதற்கு. செம்மஞ்சள், கறுப்பு, சாம்பல் நிறத் துளைகளும் இருந்தால், அவை ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்க்கிறவர்களுக்கு. நமக்கு வேண்டியது பச்சையும் ரோஸும்தான். பழைய ஆபிஸ் பெட்டிகள் சிலவற்றில் நிறம் இல்லாமல் எல்லாத் துளையும் கறுப்பாகவே இருக்கும். அப்போது பக்கத்தில் ஹெட்போன் படமா, மைக் படமா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியைக் குற்றம் சொல்ல முன்னர்

ஹெட்போன் நல்லதா? அதைப் போனில் மாட்டிப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். போனிலும் கேட்கவில்லை என்றால் கதை அதோடு முடிந்தது. ஸ்பீக்கர் என்றால் அதற்குத் தனியாகக் கரண்ட் போகிறதா, வொலியூம் திருகி பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இது நடக்கிறது.

போனோடு வந்த ஹெட்போனில் ஒரு சங்கடம் உண்டு. அதன் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத்தில் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் அது கேட்க மட்டும். மூன்று வளையம் என்றால் கேட்கவும் பேசவும் ஒரே பிளக்கில் வைத்தது. பச்சை, ரோஸ் என்று இரண்டு துளை வைத்த கம்பியூட்டரில் மூன்று வளையப் பிளக்கைப் பச்சையில் சொருகினால் சத்தம் கேட்கும், ஆனால் நாம் பேசுவது போகாது. அது பழுதல்ல. பச்சைத் துளையில் மைக்குக்கு வழியே கிடையாது. இதற்கு ஒரு முனை பெண்ணாகவும் மறுபக்கம் இரண்டு ஆண் முனைகளாகவும் உள்ள 'ஸ்பிளிட்டர்' வயர் போன் சாமான் கடைகளில் கிடைக்கிறது. இதிலும் கவனம் தேவை. ஒரு பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான ஸ்பிளிட்டரும் அதே உருவத்தில் இருக்கும். இரண்டு முனைகளில் ஒன்றில் மைக் படமும் மற்றதில் ஹெட்போன் படமும் இருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். புதிய பெட்டிகள் சிலவற்றில் முன்னால் ஒரே ஒரு துளைதான் இருக்கும். அதன் பக்கத்தில் மைக் வைத்த ஹெட்போன் படம் போட்டிருந்தால் மூன்று வளையப் பிளக் நேராகவே வேலை செய்யும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பாட்டின் வாத்தியம் எங்கோ தூரத்தில் கேட்கும், பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். பாடம் என்றால் ரீச்சரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது வயருக்குள் பொது இணைப்பு அறுந்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். பிளக்கை அழுத்திச் சொருகுங்கள். 'டக்' என்று இறங்க வேண்டும்.

முன்னால் ஊமை, பின்னால் சரி

இதுதான் அதிகமாக வருகிற கோளாறு. பெட்டியைத் திறப்பதற்கு முன்னர் செட்டிங்கைப் பாருங்கள். அதற்கு ஸ்குருட்ரைவர் தேவையில்லை.

திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால், சத்தம் எந்த வழியால் வெளியேறுகிறது என்று காட்டும். சில கம்பியூட்டர்களில் முன்பக்கத்து ஹெட்போனும் பின்பக்கத்து ஸ்பீக்கரும் இரண்டு தனிப் பெயராக இருக்கும். பின்னதைத் தெரிவு செய்திருந்தால் முன்னால் வராது. மாற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். வின்டோஸ் 7, 10, 11 என்று ஒவ்வொன்றிலும் மெனுவின் சொற்கள் கொஞ்சம் வேறுபடும். ஆனால் ஸ்பீக்கர் படத்திலிருந்து தொடங்கினால் வழி தப்பாது.

அதிலும் சரிவரவில்லை என்றால் 'ரியல்டெக்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலான போட்களில் சத்தச் சில்லு அந்தக் கம்பனியுடையது. பழைய ரியல்டெக் திரையில் மேலே ஓரமாக ஒரு சின்ன மஞ்சள் கோப்புப் படம் இருக்கும். அதை அழுத்தினால், முன்பக்கத் துளையில் பிளக் சொருகியதைக் கண்டுபிடிக்கும் வேலையை நிறுத்து என்று பொருள்படும் ஒரு கட்டம் வரும். அதற்குச் சரி அடையாளம் போட்டவுடனேயே உயிர் வந்த பெட்டிகள் உண்டு.

இதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஓடியோவுக்கு இரண்டு தலைமுறை முறைகள் இருக்கின்றன. 1997இல் வந்த ஏ.சி.97 என்பது ஒன்று. 2004இல் இன்டெல் கம்பனி கொண்டுவந்த எச்.டி. ஓடியோ மற்றது. பழைய முறையில் முன்னால் பிளக்கைச் சொருகும்போது துளைக்குள் இருக்கிற தகடு விலகி, பின்னால் போகும் சத்தத்தைத் தானாகத் துண்டிக்கும். புதிய முறையில் பிளக் வந்திருக்கிறது என்று சில்லுக்கு ஒரு செய்தி போகும், அது பார்த்து முடிவெடுக்கும். பாவித்த பெட்டிகளில் பழைய முகப்பும் புதிய போட்டுமாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முகப்புக்குச் செய்தி அனுப்பத் தெரியாது. போட்டோ செய்திக்காகக் காத்திருக்கும். கண்டுபிடிக்கும் வேலையை நிறுத்திவிட்டால் காத்திராமல் சத்தத்தை அனுப்பிவிடும். பயோஸ் என்கிற தொடக்கத் திரையிலும் முன்பக்க முகப்பு எச்.டி.யா ஏ.சி.97ஆ என்று கேட்கும் ஓர் இடம் சில போட்களில் உண்டு. அது தெரிந்த பிள்ளைகள் இருந்தால் மட்டும் அதிலே கை வையுங்கள்.

இனிப் பெட்டியைத் திறப்போம். முதலில் கம்பியூட்டரை நிறுத்தி, கரண்ட் பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. கழற்றிய பிறகு பெட்டியின் ஸ்டார்ட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சக் கரண்டும் போகட்டும் என்று விடுங்கள். உள்ளே கை வைக்க முன்னர் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். உள்ளே மூடிய இரும்புப் பெட்டியாக இருக்கிற பவர் சப்ளையை ஒருபோதும் கழற்றித் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற கரண்ட் நிற்கும்.

பக்கத்து மூடியைக் கழற்றி, முன்பக்கத் துளையில் இருந்து வரும் மெல்லிய வயர்க் கட்டை விரலால் தொடர்ந்து போங்கள். அதன் முனையில் விரல் நுனி அளவு கறுப்புத் தலை ஒன்று, 'எச்.டி. ஓடியோ' என்று எழுதியிருக்கும். அது சொருக வேண்டிய இடம் பெரும்பாலும் போட்டின் கீழ் ஓரத்தில், பின்பக்க ஓடியோ துளைகள் இருக்கிற பக்கமாக இருக்கும். 'எஃப் ஓடியோ' அல்லது 'ஏ.ஏ.எஃப்.பி.' என்று போட்டில் ஆங்கிலத்தில் சின்னதாக அச்சடித்திருப்பார்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை ஊசிகள். பல நேரம் அந்தத் தலை சொருகாமலே தொங்கிக்கொண்டிருக்கும். யாரோ தூசு தட்டும்போது கழற்றியிருப்பார், திரும்பச் சொருக மறந்திருப்பார். சிலது பாதி ஏறி நிற்கும். நேராக வைத்து மெதுவாக அழுத்துங்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரேயொரு ஆபத்து உண்டு. யூ.எஸ்.பி. வயருக்கான ஊசிகளும் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும். அதில் ஐந்து வோல்ட் கரண்ட் ஓடுகிறது. ஓடியோ தலையைக் கொண்டு போய் அதில் சொருகிவிடக் கூடாது. அடையாளம் இதுதான்: ஓடியோ ஊசிகளில் ஒரு வரிசையின் கடைசிக்கு முந்திய ஊசி இருக்காது. யூ.எஸ்.பி.யில் மூலை ஊசியே இருக்காது. வயர்த் தலையிலும் அதே இடத்தில் துளை அடைத்திருக்கும். பொருந்தாவிட்டால் பலவந்தம் பண்ண வேண்டாம். இடம் பிழை என்றுதான் அது சொல்கிறது. சில வயர்களில் இரண்டு தலை இருக்கும், ஒன்று எச்.டி., மற்றது ஏ.சி.97. புதிய போட் என்றால் எச்.டி. தலையை மட்டும் சொருகி, மற்றதைச் சும்மா தொங்க விடுங்கள். ஆபிஸ்களில் பாவித்துக் கழிக்கிற டெல், எச்.பி. பெட்டிகளில் இந்த வயரின் அமைப்பே வேறாக இருப்பதுண்டு. சில மாதிரிகளில் முன்பக்கத் துளையும் போட்டிலேயே இருக்கும். அப்படிப்பட்டதில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

வயரும் சரி என்றால் துளையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பனியும் ஈரமும் உலோகத்துக்கு எதிரி. துளைக்குள்ளே தகட்டில் பாசி மாதிரிப் பிடித்துவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் ஹெட்போன் பிளக்கைப் பத்துத் தரம் சொருகிச் சொருகி எடுத்தால் பாதி அழுக்கு உரசிப் போய்விடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்! தையல் மெஷினுக்கு விட்ட பழக்கத்தில் இதற்கும் விடுகிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதோடு துளை போச்சு.

பின்னால் ஊமை, முன்னால் சரி

முன்னால் ஏதாவது பிளக் சொருகியபடி இருக்கிறதா? முன்னால் ஹெட்போன் இருந்தால் பின்னால் உள்ள ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். அது அப்படிச் செய்யப்பட்டதுதான். ஹெட்போன் இல்லாமலே இப்படி நடந்தால், முன்பக்கத் துளைக்குள் தகடு வளைந்து அல்லது அழுக்குப் பிடித்து, பிளக் இருக்கிற மாதிரியே காட்டிக்கொண்டிருக்கலாம். முன்பக்க வயரைப் போட்டிலிருந்து கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏ.சி.97 காலத்துப் பழைய போட்டில் மட்டும் இது வேறு கதை. அதிலே வயரைக் கழற்றினால் ஐந்தாம் ஆறாம் ஊசிகளையும் ஒன்பதாம் பத்தாம் ஊசிகளையும் ஜம்பர் என்ற சின்னத் தொப்பி போட்டு இணைத்தால்தான் பின்னால் சத்தம் போகும். யாரோ அந்தத் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டால் பின்பக்கம் ஊமையாகிவிடும்.

ரோஸ் துளையிலோ நீலத் துளையிலோ ஸ்பீக்கரைச் சொருகியிருப்பதும் சகஜம்தான்.

இரண்டு பக்கமும் ஊமை

அநேகமாக இதுவும் செட்டிங்தான். எச்.டி.எம்.ஐ. வயரால் திரையை இணைத்தவுடன், சத்தமும் திரை வழியாகப் போகட்டும் என்று கம்பியூட்டர் தானாக முடிவு செய்துவிடும். அந்தத் திரைக்கு ஸ்பீக்கரே இருக்காது. சவுண்ட் செட்டிங்ஸில் திரையின் பெயரை விட்டுவிட்டு ரியல்டெக் ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் சரி. பட்டியலில் ரியல்டெக் என்ற பெயரே இல்லாவிட்டால் டிரைவர் என்கிற புரோகிராம் விழுந்திருக்கிறது, அல்லது பயோஸில் ஓடியோவை நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவரை மதர்போட் கம்பனியின் அல்லது டெல், எச்.பி. போன்ற பெட்டிக் கம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்து எடுக்க வேண்டும். 'இலவசமாகத் திருத்தித் தருகிறோம்' என்று திரையில் துள்ளுகிற விளம்பரத்தை அழுத்தினால் இருக்கிறதும் போய்விடும். இவ்வளவும் செய்தும் இரண்டு பக்கமும் வரவில்லை என்றால் மட்டுமே சில்லைச் சந்தேகப்படலாம்.

நாம் பேசுவது போகவில்லை

குவைத்திலோ துபாயிலோ வேலைக்குப் போன அம்மா ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறார். பிள்ளை "அம்மா, அம்மா" என்று கத்துகிறது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. திரையில் வாய் மட்டும் அசைகிறது. வாரத்துக்கு ஒரு தரம் கிடைக்கிற அரை மணித்தியாலம் அப்படியே போய்விடுகிறது. இதற்காகவே சனிக்கிழமை இரவே ஒரு தரம் பரிசோதித்து வைக்கும்படி சொல்கிறோம்.

முதலில் பிளக் ரோஸ் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வின்டோஸ் 10, 11 இரண்டிலும் 'பிரைவசி' என்ற பகுதியில் மைக்ரோபோனைப் பாவிக்க அனுமதி என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது நிறுத்தப்பட்டிருந்தால் முன்துளை, பின்துளை எதிலும் மைக் வேலை செய்யாது. எந்த வயரையும் ஆட்டிப் பிரயோசனம் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸில் மைக் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் ஒரு கோடு ஏறி இறங்கும். கோடு ஏறுகிறது, ஆனால் அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றால், கோளாறு பேசுகிற அப்பிலே இருக்கிறது. அதற்கென்று தனியாக மைக் தெரிவு செய்யும் இடம் அதன் செட்டிங்ஸில் இருக்கும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல்

முன்பக்கத் துளையில் வண்டு பறக்கிற மாதிரி இரைச்சல் வந்தால், அதை ஓடியோக் கோளாறு என்று மட்டும் எண்ண வேண்டாம். மெல்லிய வயர் பெட்டிக்குள் மற்ற வயர்களுக்குப் பக்கத்தால் ஓடுவதாலும் கொஞ்சம் இரையும். அது பரவாயில்லை. ஆனால் பெட்டியின் இரும்பைத் தொடும்போது விரலில் ஊர்வது மாதிரி இருந்தால், எர்த் இல்லை என்று அர்த்தம். லயத்து வயரிங்கில் ஒரே சுவிட்சில் இருந்து நாலைந்து இடத்துக்கு வயர் இழுத்திருக்கிறோம். மூன்று கால் பிளக்குக்குப் பதிலாக இரண்டு கால் பிளக்கைப் போட்டு, எர்த் துளையைப் பேனாவால் குத்தித் திறக்கிற பழக்கமும் இருக்கிறது. 230 வோல்ட் இது, விளையாட்டல்ல. இந்த ஒரு விடயத்தில் மட்டும் நாமே திருத்தலாம் என்று நினைக்காமல், வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவரை கம்பியூட்டரைப் பாவிக்க வேண்டாம், பிள்ளைகளை அந்த இரும்பைத் தொட விடவும் வேண்டாம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் கம்பியூட்டர் பிளக்கோடு ஸ்பீக்கரின் பிளக்கையும் இணைய வயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.

கடைக்குக் கொண்டு போவதாக இருந்தால்

போகத்தான் வேண்டும் என்றால், "சத்தம் வரல" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: பின்னால் பச்சைத் துளையில் வருகிறது, முன்னால் வரவில்லை, ஹெட்போன் போனில் வேலை செய்கிறது, உள்ளே வயர் சொருகியிருக்கிறது. இப்படிச் சொல்கிற ஆளிடம் போட் மாற்ற வேண்டும் என்று இலேசில் சொல்லிவிட முடியாது. அப்படியும் சொன்னால், "பின்னால சத்தம் வருதே தம்பி, அப்ப போட்டுல என்ன பழுது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முன்பக்கத் துளைப் பலகையை மட்டும் மாற்ற முடியுமா என்றும் விசாரியுங்கள்.

அதற்குக் காசில்லை, நாளைக்கே பிள்ளைக்கு வகுப்பு என்றால் இரண்டு வழி இருக்கிறது. பின்பக்கத்துத் துளைகளில் பச்சைக்கு ஒன்று, ரோஸுக்கு ஒன்று என்று இரண்டு நீட்டு வயர் வாங்கிச் சொருகி, மறுமுனைகளை மேசைக்கு மேலே கொண்டுவந்து கட்டிவிட்டால், முன்பக்கத் துளை இல்லாமலே காலம் தள்ளலாம். இரண்டு பக்கமும் போயிருந்தால் யூ.எஸ்.பி. துளையில் சொருகுகிற சின்ன ஓடியோத் துண்டு ஒன்று கிடைக்கிறது. அதற்குள்ளே தனியாகச் சத்தச் சில்லு இருப்பதால், போட்டில் உள்ளது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. மதர்போட்டின் விலையோடு பார்த்தால் அது மிகவும் மலிவு. கடையிலேயே ஒரு தரம் மாட்டிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். அதிலே சத்தம் வந்தால் மிச்ச வேலையைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.